எழுத்தாளரைப் பேட்டி எடுக்க எப்படித் தயாராவது?

மைக்கூடு:
எங்கள் சிற்றிதழுக்காக ஒரு நாவலாசிரியரைப் பேட்டி எடுக்கப் போகிறேன். ஒரு மணி நேரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நாவல்களை எல்லாம் படித்தாயிற்று, ஆனால் கேள்வி எழுத உட்கார்ந்தால் 'எப்போது எழுத ஆரம்பித்தீர்கள்', 'உங்களைப் பாதித்தவர்கள் யார்' என்று எல்லாரும் கேட்பதுதான் வருகிறது. கேள்விகளை முன்பே அனுப்பச் சொல்கிறார். அனுப்பினால் பேச்சு செயற்கையாகிவிடாதா?

பென்சில்கோடு:
அவர் இதுவரை கொடுத்த பேட்டிகளைத் தேடிப் படியுங்கள். எந்தக் கேள்விக்கெல்லாம் மனப்பாடமாக ஒரே பதிலைச் சொல்கிறார் என்று தெரிந்துவிடும், அவற்றை அடித்துவிட்டு அந்தத் தகவலை முன்னுரையில் நீங்களே எழுதிக்கொள்ளலாம். அப்புறம் நாவலை மறுபடி, கையில் பென்சிலோடு படியுங்கள். 'உங்கள் பெண் பாத்திரங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் வரும். 'மூன்றாம் அத்தியாயம் வரை கதை சொன்ன அம்மா அதற்கப்புறம் வாயே திறக்கவில்லையே, முதல் வரைவிலும் அப்படித்தானா?' என்று கேட்டால் அவர் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

துணைக்கேள்வியை விட்டுவிடாதீர்கள், பேட்டியின் உயிரே அதில்தான் இருக்கிறது. 1958-இல் பாரிஸ் ரிவ்யூ என்ற இலக்கிய இதழ் வெளியிட்ட பேட்டியில் அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை திருத்தி எழுதியதாகச் சொல்கிறார். கேட்டவர் ஆச்சரியப்பட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், அங்கே என்னதான் சிக்கல் என்று கேட்டார். சொற்களைச் சரியாக அமைப்பதுதான் என்று பதில் வந்தது. இன்றைக்கும் எல்லாரும் எடுத்துச் சொல்வது அந்தப் பதிலைத்தான்.

பக்கஎண்:
கேள்விகளை அனுப்புவதில் தப்பில்லை. நாவலாசிரியர் நபக்கோவ் கேள்விகளை எழுத்தில் வாங்கி, பதிலையும் எழுதித்தான் கொடுப்பார், அந்தப் பேட்டிகளில் சுவாரசியத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் நீங்கள் நேரில் பேசப் போகிறீர்கள், அதனால் எந்த நாவல், எந்தப் பகுதி, என்ன விஷயம் என்று மட்டும் அனுப்புங்கள், மீதி உங்கள் நோட்டில் இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்குப் பத்துக் கேள்வியே அதிகம்.

'இது உங்கள் சொந்த வாழ்க்கையா?' என்று நேராகக் கேட்காதீர்கள், பலருக்கு அது எரிச்சல். எங்கிருந்து எடுத்தீர்கள், எதை மாற்றினீர்கள் என்று கேட்டால் சொல்ல விருப்பமானதை அவர்களே சொல்வார்கள்.

ஒலிநாடா:
ரெக்கார்ட் செய்ய அனுமதி கேளுங்கள், இரண்டு கருவிகளில் பதிவு செய்யுங்கள், போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். அவர் பதில் சொல்லி முடித்ததும் உடனே அடுத்ததற்குப் போகாமல் கொஞ்சம் பொறுத்திருங்கள், அந்த இடைவெளியில் அவரே தொடர்ந்து பேசுவார், பல நேரம் அசல் விஷயம் அப்போதுதான் வரும். பேச்சை எழுத்தாக்கிய பிறகு அவருக்குக் காட்டுவீர்களா, எதையெல்லாம் அவர் திருத்தலாம் என்பதையும் ஆரம்பத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். பாரிஸ் ரிவ்யூ எழுத்தாளரையே திருத்த விடுகிறது. செய்தித்தாள்களில் பெரும்பாலும் அந்த வழக்கம் இல்லை. என்னைக் கேட்டால், தகவல் பிழையைத் திருத்தலாம், சொன்ன கருத்தை அப்படியே நீக்கக் கூடாது.

மைக்கூடு:
எல்லாருக்கும் நன்றி. அவருடைய கடைசி நாவல் எனக்குப் பிடிக்கவில்லை, அதைக் கேட்கலாமா?

பென்சில்கோடு:
தாராளமாகக் கேளுங்கள், ஆனால் பேச்சு சூடுபிடித்த பிறகு. பிடிக்கவில்லை என்று மொட்டையாகச் சொல்லாமல், எந்தப் பக்கத்தில் உங்களுக்குக் கதை விட்டுப்போனது என்று சொல்லிக் கேளுங்கள்.