தொழுநோய் குணமானவர்களின் குடும்பத்தாரிடம் பேச வழி சொல்லுங்கள்

வணக்கம். தொழுநோய் வந்து குணமானவர்களின் கணவன், மனைவி, பிள்ளைகளைப் பற்றி முதுகலை ஆய்வு செய்கிறேன். நோய் கண்டவர்களிடமாவது சிலர் கேட்டிருக்கிறார்கள். கூடவே வாழ்ந்தவர்களிடம் கேட்டவர்கள் குறைவு.

கூட்டு மருந்துச் சிகிச்சை 1980களிலேயே வந்துவிட்டது. மருந்து தொடங்கியதுமே நோய் பரவுவது நின்றுவிடும். ஆனால் தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற சட்டப்பிரிவுகளை நீக்க 2019 ஆகிவிட்டது. அத்தனை வருடமும் பிரியாமல் இருந்தவர்களைத்தான் தேடுகிறேன்.

சிக்கல் என்னவென்றால், நான் வீடு தேடிப் போனாலே பக்கத்து வீட்டில் "யார் இவங்க, எதுக்கு வந்தாங்க?" என்று கேட்பார்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடாக இருந்தால் அந்தக் கேள்வியே சம்பந்தத்தை முறித்துவிடும். மருமகளுக்கே சொல்லாமல் வைத்திருக்கும் குடும்பங்களும் இருக்கும். என்னால் ஒரு வீட்டு விஷயம் வெளியே வரக்கூடாது.

செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கம் தொழுநோய்ப் பிரிவில் வேலை பார்த்த செவிலியர்கள், களப்பணியாளர்கள் யாராவது இருக்கிறீர்களா? நீங்கள் அந்தக் குடும்பத்தாரிடம் விஷயத்தைச் சொன்னால் போதும். விருப்பம் உள்ளவர்கள் என்னை அழைக்கட்டும். அப்புறம், தம்பதியைச் சேர்த்து வைத்துப் பேசுவதா, தனித்தனியாகவா? செய்தவர்கள் சொல்லுங்கள். யார் பெயரும் ஊரும் இங்கே எழுத வேண்டாம், தனிச்செய்தியில் அனுப்புங்கள்.