காரஜான் போகப் பத்துப் பேர் சேர்ந்தாச்சு: எல்லாரும் கட்டாயம் போட வேண்டிய ஆட்-ஆன் எது?

ஈசூன்_கேடயம்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. வாவ் டிபிசி கிளாசிக் (வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆன்லைன் விளையாட்டின் பர்னிங் குரூசேட் பதிப்பு), ஓஷியானிக் சர்வரில், சிங்கப்பூரிலிருந்து ஆடுகிறேன். வாரியர், டேங்க், அதாவது முன்னால் நின்று பாஸின் (பெரிய எதிரியின்) அடியை வாங்குகிறவன். அந்த சர்வரின் கில்டுகள் (ஆட்டக்காரர் சங்கங்கள்) எல்லாம் சிட்னி நேரப்படி இரவு எட்டு மணிக்கு ரெய்டு (பலர் சேர்ந்து பாஸ்களை வீழ்த்தும் ஆட்டம்) தொடங்குகின்றன. நமக்கு அது மாலை ஆறு, அங்கே கோடைக்கால நேரம் வந்துவிட்டால் ஐந்து. அந்த நேரத்தில் நான் எம்ஆர்டி ரயிலில் நசுங்கிக்கொண்டிருப்பேன். அதனால் நாங்களே ஒரு குழு சேர்த்துவிட்டோம். என் அத்தை மகன்கள் இரண்டு பேர், என்எஸ் (தேசிய சேவை) நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள். வெள்ளி இரவு ஒன்பதரைக்கு காரஜான் என்ற பத்துப் பேர் ரெய்டு.

பிரச்சினை ஆட்-ஆன், அதாவது விளையாட்டோடு சேர்த்துப் போடும் துணை நிரல். வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு பட்டியல் அனுப்புகிறார்கள். ஒருவன் அனுப்பிய வீக்ஆராஸ் (திரையில் நாமே குறிகள் அமைக்கும் ஆட்-ஆன்) தொகுப்பைப் போட்டதும் திரை முழுக்கப் பெட்டியும் கோடும்தான், பாஸ் எங்கே நிற்கிறான் என்றே தெரியவில்லை. பாதிப் பேருக்கு எட்டு ஜிபி ராம் மடிக்கணினி. பத்துப் பேரும் பொதுவாகப் போட வேண்டியது எது, யாருக்கு எது தேவையில்லை? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தெம்பனிஸ்_மேஜ்

பாஸ் எச்சரிக்கைக்கு டிபிஎம், யார் எவ்வளவு அடிக்கிறார்கள் என்று காட்ட டீடெய்ல்ஸ், அப்புறம் வீக்ஆராஸ். இந்த மூன்றும் போதும். கர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். ஆட்-ஆன் என்பது லுவா கோப்புகள் நிறைந்த ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். எங்காவது 'இன்ஸ்டால் செய்ய இதைத் திற' என்று இஎக்ஸ்இ கோப்பு கொடுத்தால் தொடவே வேண்டாம். காசு கேட்டாலும் வேண்டாம். ஆட்-ஆன் இலவசமாகத்தான் இருக்க வேண்டும் என்று விளையாட்டை நடத்தும் பிளிசார்ட் 2009இலேயே விதி போட்டுவிட்டது.

உட்லண்ட்ஸ்_ஹோலி

தம்பி, நான் பிரீஸ்ட். ஹீலராகவே, அதாவது மற்றவர்களின் உயிரை ஏற்றுகிறவளாகவே, ஆடுகிறவள். மேலே சொன்ன மூன்றும் நல்லவைதான். ஆனால் குழுவுக்கு என்று தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி வேறு: இது இல்லாததால் பக்கத்தில் நிற்பவன் சாவானா? ஆமாம் என்றால் எல்லாரும் போட வேண்டும். இல்லை என்றால் அவரவர் விருப்பம்.

அப்படிப் பார்த்தால் பத்துப் பேருக்கும் பொதுவானது டிபிஎம், இல்லாவிட்டால் அதே வேலை செய்யும் பிக்விக்ஸ். ஒருவர் அதையும் இன்னொருவர் இதையும் வைத்திருந்தாலும் புல் டைமர் (சண்டை தொடங்கும் கவுன்ட்டவுன்) இரண்டிலும் ஓடும், சண்டை வேண்டாம். காரஜான் பாஸ் ஷேட் ஆஃப் ஆரனை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளேம் ரீத் போடுவான், சிலரைச் சுற்றி நெருப்பு வளையம் வரும். அது அணையும் வரை யாரும் ஓர் அடிகூட நகரக்கூடாது. ஒரே ஒருவர் வளையத்தைத் தாண்டினாலும் வெடித்து எல்லாருக்கும் அடி விழும், அந்த அடியை என்னால் ஹீல் செய்து ஈடுகட்ட முடியாது. அதே ஆரன்தான் கொஞ்ச நேரத்தில் எல்லாரையும் நடுவில் இழுத்து வைத்து ஆர்கேன் எக்ஸ்புளோஷன் போடுவான், அப்போது சுவரோரம் ஓடியாக வேண்டும். ஒன்றில் நில், ஒன்றில் ஓடு. புதியவர்களுக்கு இந்த எச்சரிக்கை பெரிய எழுத்தில், சத்தத்தோடு வரத்தான் வேண்டும். இங்கிருந்து சிட்னி சர்வருக்குப் பிங் நூறு மில்லிவினாடியை ஒட்டித்தான் இருக்கிறது, பார்த்துவிட்டு யோசிக்க நேரம் இருக்காது. போட்ட பிறகு டிபிஎம் அமைப்புக்குள் போய், உங்கள் வேலைக்குச் சம்பந்தமில்லாத எச்சரிக்கைகளை அணைத்துவிடுங்கள். எல்லாமே கத்தினால் எதுவும் காதில் ஏறாது.

அடுத்தது திரெட், அதாவது பாஸ் யாரை அடிப்பான் என்று தீர்மானிக்கும் கணக்கு. டேங்காக நீங்கள் உயிரைக் கொடுத்துப் பிடித்து வைத்திருப்பதை டிபிஎஸ் (பாஸை அடித்து வீழ்த்தும்) ஆட்கள் பறிக்காமல் இருக்க வேண்டும். பாஸுக்குப் பக்கத்தில் நிற்பவர் உங்கள் திரெட்டில் 110 சதவீதத்தைத் தாண்டினால் பாஸ் அவர் பக்கம் திரும்பும், தூரத்தில் நிற்பவருக்கு அது 130. கண்ணால் பார்த்து இது தெரியாது, மீட்டர்தான் சொல்லும். டீடெய்ல்ஸ் போட்டால் கூடவே டைனி திரெட் என்ற திரெட் மீட்டர் வரும், அது போதும். டீடெய்ல்ஸ் சன்னலை ரெய்டு முழுக்க டைனி திரெட்டில் வையுங்கள், டேமேஜ் பட்டியலை முடிந்த பிறகு பார்க்கலாம். யார் எவ்வளவு அடித்தார்கள் என்று முதல் சில வாரம் சாட்டில் ஒட்டவே வேண்டாம். கடைசியில் வந்த பையன் அடுத்த வெள்ளி வரமாட்டான். பத்துப் பேர் ரெய்டில் ஒருவர் குறைந்தால் அன்றைக்கு ரெய்டே இல்லை.

பாலடின் (பிளெஸ்ஸிங் என்ற ஆசிகளைப் போடும் வகுப்பு) இரண்டு பேர் இருந்தால் இருவரும் பாலிபவர் (யாருக்கு எந்த ஆசி என்று ஒதுக்கும் ஆட்-ஆன்) போட்டே ஆக வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். கிரேட்டர் பிளெஸ்ஸிங் ஒரு வகுப்பு முழுவதற்கும் விழும். டிபிஎஸ் வாரியருக்காக சால்வேஷன் போட்டால் அது டேங்க் வாரியருக்கும், அதாவது உங்களுக்கும் விழும். சால்வேஷன் திரெட்டை 30 சதவீதம் குறைக்கும். டேங்குக்கு அது விஷம். பாலிபவரில் வாரியர் எல்லாருக்கும் ஒன்று, உங்கள் பெயருக்கு மட்டும் கிங்ஸ் ஆசி என்று தனியாக வைக்கலாம். இருவரில் ஒருவரிடம் அது இல்லாவிட்டால் அவருக்கு எதை ஒதுக்கினாலும் போய்ச் சேராது, ரெய்டு நடுவில் சாட்டில் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஹீலர்களுக்கு, எல்லாருடைய உயிர் நிலையையும் பெட்டிகளாகக் காட்டும் வூடு, ஹீல்பாட், கிரிட்2 மூன்றில் எது கைக்குப் பழகுகிறதோ அது. எனக்கு வூடு. மெய்டன் ஆஃப் வர்ச்சூ என்ற பாஸ் ரிபென்டன்ஸ் போட்டு எல்லாரையும் உறைய வைப்பாள், விட்டதும் முதல் விநாடியிலேயே யாருக்கு ஹோலி ஃபயர் எரிகிறது என்று கண்டுபிடித்து நீக்க வேண்டும். எட்டாத தூரத்தில் இருப்பவரின் பெட்டி மங்கலாகவும், நீக்க வேண்டியவரின் பெட்டி வேறு நிறத்திலும் தெரிந்தால் கை தானாக அங்கே போகும். டிபிஎஸ் ஆட்களுக்கு இதெல்லாம் வேண்டாம்.

வீக்ஆராஸை யார் மீதும் திணிக்காதீர்கள். அடுத்தவன் திரைக்கு அடுத்தவன் செய்த தொகுப்பு அது. உங்கள் ஷீல்ட் பிளாக் எப்போது தயார் என்று காட்ட ஒன்று, சன்டர் ஆர்மர் எத்தனை ஏறியிருக்கிறது என்பதற்கு ஒன்று. இரண்டை நீங்களே செய்து பாருங்கள், அரை மணி நேரம் ஆகும், ஆனால் திரையில் எது எங்கே என்று மனசுக்குத் தெரிந்திருக்கும்.

ஈசூன்_கேடயம்

அக்கா, ரொம்ப நன்றி. சால்வேஷன் விஷயம் இப்போதுதான் விளங்குகிறது. எங்கள் பாலடின் இருவரிடமும் இன்றே சொல்லிவிடுகிறேன். ஒரு சந்தேகம்: டிஸ்பெல்லுக்கு (ஆள் மேல் விழுந்த கெட்ட மந்திரத்தை நீக்க) டிகர்சிவ் போட்டால் அதுவே ஆளைத் தேர்ந்தெடுத்து நீக்கிவிடும் என்கிறான் என் அத்தை மகன். அப்படியா?

ஜூரோங்_பழையவன்

அது அந்தக் காலத்துக் கதை தம்பி. வெனிலாவில், அதாவது விளையாட்டின் முதல் பதிப்பில், ஒரே பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தால் போதும், டிகர்சிவே ஆளைத் தேடிப் பிடிக்கும். 2006 டிசம்பரில் வந்த 2.0 பேட்ச் அதை நிறுத்திவிட்டது. சண்டையின்போது யார் மேல் எந்த ஸ்பெல் என்பதை ஆட்-ஆன் முடிவு செய்யக்கூடாது. இப்போது அது யாருக்குத் தேவை என்று கட்டம் காட்டும், கிளிக் செய்வது நம் வேலை. வூடு வைத்திருப்பவருக்கு டிகர்சிவ் தனியாகத் தேவையில்லை.

இன்னொன்று. யூடியூப் காணொளி பார்த்து ஆட்-ஆன் தேடும்போது அது ரீட்டெய்லா (இன்றைய பதிப்பு) கிளாசிக்கா (நாம் ஆடும் பழைய பதிப்பு) என்று பாருங்கள். ரீட்டெய்லில் 2026இல் வந்த மிட்நைட் விரிவாக்கத்தோடு, சண்டை நேரத்தில் ஆட்-ஆன்கள் படித்துக் கணக்குப் போடும் விவரங்களை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். பாஸ் எச்சரிக்கை, டேமேஜ் மீட்டர் எல்லாம் விளையாட்டுக்குள்ளேயே வந்தாச்சு. வீக்ஆராஸ் செய்பவர்கள் மிட்நைட்டுக்குச் செய்யப்போவதில்லை என்று 2025லேயே சொல்லிவிட்டார்கள். அங்கே சொல்வதைக் கொண்டுவந்து இங்கே போட்டால் குழப்பம்தான்.

உட்லண்ட்ஸ்_ஹோலி

ஜூரோங் அண்ணன் சொன்னது சரி. எட்டு ஜிபி ராம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், விட்டுவிட்டேன். கேரக்டர் தேர்வுத் திரையில் ஆட்-ஆன் பட்டியல் இருக்கும். ஏலக்கடை, குவெஸ்ட் சம்பந்தப்பட்டதை எல்லாம் ரெய்டு கேரக்டருக்கு மட்டும் அணைத்துவைக்கலாம், அழிக்க வேண்டியதில்லை. அப்டேட்டை வியாழன் இரவே எல்லாரும் முடித்துவிடச் சொல்லுங்கள், வெள்ளி ஒன்பது இருபத்தைந்துக்கு இறக்கிக்கொண்டிருந்தால் மற்ற ஒன்பது பேரும் உட்கார்ந்திருக்க வேண்டும். டிபிஎம் போட்டவர்கள் பர்னிங் குரூசேட் பகுதியும் கூடவே இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சில ரெய்டுகளுக்கான பகுதி தனியாக இறக்க வேண்டியது. அது இல்லாவிட்டால் உள்ளே போன பிறகு டிபிஎம்மே சாட்டில் நினைவூட்டும், ஆனால் அப்போது மோரோஸ் என்ற பாஸ் முன்னால் நின்றுகொண்டிருப்பீர்கள்.