இது பேய்மிரட்டிதானா? பார்த்துச் சொல்லுங்க

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு செடி விஷயத்துல உதவி வேணும்.

கன்னியாகுமரி மாவட்டம் பொற்றையடிப் பக்கம் மருந்துவாழ்மலை அடிவாரத்துல, பாறை இடுக்குல இடுப்பு உயரத்துக்கு நிக்குது. தண்டை விரல்ல உருட்டினா உருளல, நாலு பக்கமும் பட்டை. இலை எதிரெதிரா, சாம்பல் பூத்த மாதிரி, தொட்டா கம்பளி போல சொணை. கசக்கினா கற்பூரமும் இல்லாம துளசியும் இல்லாம ஒரு காட்டமான வாசம். பூ இளம் ஊதா, கீழ் உதடு மட்டும் நீண்டு தொங்குது. துளசி, தும்பைக் குடும்பம்னு அதுவரைக்கும் எனக்கே தெரியுது.

ஆச்சி இருந்தப்போ பேய்மிரட்டியோட பச்சை இலையையே திரிச்சு எண்ணெய்ல நனைச்சு விளக்கு ஏத்துவா. காய வைக்க வேண்டாம், நின்னு எரியும். காய்ச்சலுக்கு இதைப் போட்டுத்தான் ஆவி பிடிக்க வைப்பா. அதே இலையானு வீட்டுல திரிச்சுப் பார்த்தேன், எரியுது!

ஆனா பேய்மிரட்டியில ரெண்டு உண்டே. ஒண்ணு நீளமான, தடிச்ச, சொணை மிகுந்த இலை. இன்னொண்ணு அகலமான, மெல்லிசான இலை. என்னது முதல் வகைனு நினைக்கேன். ரெண்டும் திரியா எரியுமா? போன மாசம் ஒரு நாட்டு மருந்துக்கடையில கேட்டதுக்கு வெறும் தும்பையைக் கட்டிக் கொடுத்துட்டாங்க, வெள்ளைப்பூ காஞ்சு ஒட்டிக்கிட்டே இருந்துச்சு.

படம் கீழே போட்டிருக்கேன். வளர்த்தவங்க இருந்தா, விதையில வருமா, கம்பு நட்டா பிடிக்குமானும் சொல்லுங்க. செடியைப் பிடுங்க மனசு வரல.