ஒயர்ஸ்டெட் 1820, ஃபாரடே 1831: நடுவில் ஏன் 11 வருடம்?

வானம்பாடி கேட்டது:

பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கிய காலத்து மின்சார வரலாற்றை வரிசையாகப் படித்துக்கொண்டு வருகிறேன். ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டேன்.

1800 மார்ச்சில் வோல்டா தன் மின்னடுக்கை, அதாவது முதல் பேட்டரியைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதுகிறார். சில வாரங்களிலேயே நிக்கல்சனும் கார்லைலும் அதே மாதிரி அடுக்கு ஒன்றைச் செய்து தண்ணீரைப் பிரித்துவிடுகிறார்கள். 1807-ல் டேவி பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுக்கிறார். 1820-ல் கோபன்ஹேகனில் ஒயர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த முள் திரும்புவதைக் கண்டு ஜூலையில் நான்கே பக்கத்தில் லத்தீனில் அச்சிட்டு அனுப்புகிறார். செப்டம்பரில் பாரிஸில் அராகோ அதைச் செய்து காட்ட, ஒரு வாரம் கழித்து ஆம்பியர் தன் முதல் கட்டுரையுடன் வந்து நிற்கிறார்.

இவ்வளவு வேகமாக ஓடிய கதை, 'மின்சாரத்திலிருந்து காந்தம் வருகிறது, சரி, காந்தத்திலிருந்து மின்சாரம் வருமா?' என்ற கேள்விக்கு மட்டும் 1831 ஆகஸ்டில் லண்டனில் ஃபாரடே கண்டுபிடிக்கும் வரை பதில் இல்லாமல் நிற்கிறது. கம்பி இருந்தது, காந்தம் இருந்தது, முள் இருந்தது. சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து எடுத்தால் போதும். பள்ளிப் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் செய்கிறார்கள். அத்தனை பெரிய மனிதர்களுக்கு ஏன் 11 வருடம் ஆனது? கருவி போதவில்லையா, இல்லை வெறும் அதிர்ஷ்டமா?

---

வைண்டிங்காரர் எழுதியது:

நான் இயற்பியல் பட்டம் வாங்கியவன் இல்லை. 26 வருடமாக மோட்டார் காயில் கட்டுகிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கு என் கையால் ஒரு பதில் கிடைத்தது, அதனால் எழுதுகிறேன்.

போன வருடம் மகளுடைய பாடத்துக்காக ஃபாரடேயின் வளையத்தைச் செய்து பார்த்தோம். அவர் 1831 ஆகஸ்ட் 29-ம் தேதி நாட்குறிப்பில் அளவெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். தேனிரும்பு (மென்மையான இரும்பு) வளையம், வெளிவிட்டம் 6 அங்குலம், வளைத்த இரும்பின் தடிமன் முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு பக்கம் 24 அடி நீளச் செம்புக் கம்பி மூன்று. எதிர்ப் பக்கம் இரண்டு துண்டாக மொத்தம் 60 அடி. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இடைவெளி. எங்களுக்குத் தேனிரும்பு கிடைக்கவில்லை, சாதாரண இரும்புக் கம்பியை வளைத்துப் பற்றவைத்துக்கொண்டோம். ஒரு பக்கம் 70 சுற்று, மறுபக்கம் 150. மீட்டர் வைக்கவில்லை. ஒரு சின்னத் திசைகாட்டியைச் சுற்றி 40 சுற்று கட்டி, மறுபக்கத்து முனைகளை அதில் சேர்த்தேன். 1820-லேயே ஷ்வைகர் இப்படிக் கம்பியைப் பல சுற்றாக முள்ளைச் சுற்றிக் கட்டிவிட்டார், ஆக அந்தக் காலத்தில் இருந்த கருவிதான் இது.

பேட்டரியைத் தொட்டேன். முள் திரும்பியது, திரும்பியபடியே நின்றது. மகள் கைதட்டினாள். எனக்கு மட்டும் மனது ஒப்பவில்லை. பேட்டரி இல்லாத பக்கத்துக் கம்பியைக் கழற்றிவிட்டு மறுபடி தொட்டேன். அப்போதும் முள் அதே அளவு திரும்பியது! அதாவது வளையத்தின் காந்தமே நேராக முள்ளை இழுத்திருக்கிறது. கம்பியில் மின்சாரம் வந்ததற்கு அது சாட்சியே இல்லை.

சரி, முள்ளைத் தூரமாக வைத்துவிடலாம் என்று நீளக் கம்பி இழுத்து அடுத்த அறையில் வைத்தேன். இங்கே பேட்டரியைச் சேர்த்துவிட்டு அங்கே போய்ப் பார்த்தால் முள் வடக்கு பார்த்து அசையாமல் நிற்கிறது. மூன்று முறை போய்ப் போய் வந்தேன். எங்கோ ஷார்ட் என்று நினைத்துச் சுருளையே அவிழ்க்க உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் மகள், "நீங்க போடுங்கப்பா, நான் இங்கேயே பார்க்கிறேன்" என்று அந்த அறையில் உட்கார்ந்தாள். போட்டேன். "ஆடுச்சுப்பா! ஆடி நின்னுடுச்சு!" எடுத்தேன். "இந்தப் பக்கமா ஆடுச்சு!"

அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன், 1825-ல் ஜெனீவாவில் கொலாடோன் என்ற இளைஞருக்கு அப்படியே இதே நடந்திருக்கிறது. காந்தம் முள்ளை நேராக இழுத்துவிடக் கூடாதே என்று கருத்தாக மீட்டரை வேறு அறையில் வைத்தார். சுருளுக்குள் காந்தத்தை நுழைத்துவிட்டு நடந்து போய்ப் பார்த்தார். அவர் போய்ச் சேருவதற்குள் முள் ஆடி அடங்கிவிட்டது. அவர் சோதனையில் பிழை எதுவும் கிடையாது. கவனக்குறைவான ஆளாக இருந்திருந்தால் பக்கத்திலேயே வைத்து, ஒருவேளை அந்த ஆட்டத்தைப் பார்த்திருப்பார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

என் பதில் இதுதான்: எல்லாரும் நிலையாக நிற்கும் மின்சாரத்தைத் தேடினார்கள். அப்படித் தேடியதில் நியாயம் இருக்கிறது. கம்பியில் மின்சாரம் ஓடும் வரை காந்தமும் இருக்கிறது என்றால், காந்தம் பக்கத்தில் இருக்கும் வரை மின்சாரமும் இருக்க வேண்டும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஃபாரடேயும் அப்படித்தான் நினைத்தார். 1825 நவம்பரிலேயே மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பியை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் வரவில்லை என்று எழுதி வைத்தவர் அவர்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும், இது என் தொழில் சம்பந்தப்பட்டது. நான் வாங்குகிற கம்பி எனாமல் பூசியே வருகிறது. அன்றைக்கு வெறும் செம்புக் கம்பிதான். 1825-ல் ஸ்டர்ஜன் முதல் மின்காந்தம் செய்தபோது இரும்புக்கு வார்னிஷ் பூசிவிட்டு, மேலே வெறும் கம்பியை ஒன்றோடொன்று தொடாமல் இடம் விட்டுத்தான் சுற்ற முடிந்தது. ஃபாரடே தன் வளையத்தில் சுற்றுக்குச் சுற்று நடுவில் நூல்கயிறு ஓட்டி, அடுக்குக்கு அடுக்கு பருத்தித் துணி வைத்தார். எனாமல் உரிந்த பழைய கம்பியில் நூல் வைத்துக் கட்டி அந்த வேலையையும் செய்து பார்த்தேன். 70 சுற்றுக்கு ஒரு முழு மாலை போனது. ஒரு சுற்று நழுவினால் மொத்தமும் அவிழ்க்க வேண்டும். 'கம்பி இருந்தது' என்று நீங்கள் எழுதிய இடத்தில் இவ்வளவு உழைப்பு இருக்கிறது, வானம்பாடி.

---

பாடவேளை எழுதியது:

வைண்டிங்காரர் ஐயா, உங்கள் மகள் அடுத்த அறையில் உட்கார்ந்த அந்தக் காட்சியை என் வகுப்பில் சொல்லப் போகிறேன், அனுமதி தாருங்கள்.

ஆனால் ஒரு மறுப்பு உண்டு. கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்ததால்தான் தவறவிட்டார்கள் என்றால் அராகோவின் தட்டை எங்கே வைப்பது? 1824-25-லேயே அவர் காந்த முள்ளுக்குக் கீழே செம்புத் தட்டைச் சுழற்றிக் காட்டினார். செம்பு காந்தத்தோடு ஒட்டாத உலோகம். ஆனாலும் முள் தட்டோடு சேர்ந்து இழுபட்டது. வேகமாகச் சுழற்றினால் முள்ளும் சுற்ற ஆரம்பித்தது. சுழற்றும் வரை தெரிந்துகொண்டே இருந்த விளைவு அது. ராயல் சொசைட்டி அவருக்கு 1825-ல் காப்ளி பதக்கமே கொடுத்தது. லண்டனில் பாபேஜும் ஹெர்ஷலும் அதைத் திருப்பிப் போட்டு, காந்தத்தைச் சுழற்றிச் செம்புத் தட்டைத் திரும்ப வைத்தார்கள். நாம் பேசும் மின்காந்தத் தூண்டல், அதாவது காந்தத்திலிருந்து மின்சாரம் வருவது, ஐரோப்பாவின் கண்முன்னே ஆறு வருடம் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு 'சுழற்சிக் காந்தம்' என்று ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்ததும் புரிந்துவிட்டதாக ஆகிவிட்டதோ என்று எனக்கு எண்ணம்.

---

தாமிரம் எழுதியது:

ஆம்பியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1822-ல் ஜெனீவாவில், இளைய தெ லா ரீவோடு செய்த சோதனை. சுருளுக்குள் தொங்கவிட்ட செம்பு வளையத்தைக் காந்தம் அசைத்ததை அவர் பார்த்தேவிட்டார். வளையத்தில் மின்சாரம் பிறந்ததால் வந்த அசைவு அது. அவருக்கு அப்போது வேறு கேள்வி: காந்தத்துக்குள் ஓடும் மின்னோட்டம் மூலக்கூறுகளுக்குள் இருக்கிறதா, வெளியிலா? அந்தக் கேள்விக்கு இந்த அசைவு பெரிய உதவி இல்லை, அதனால் தொடரவில்லை. அதிர்ஷ்டம் என்று பார்த்தால் ஃபாரடேயைவிட ஆம்பியருக்குத்தான் அதிகம் வாய்த்தது.

---

வைண்டிங்காரர் எழுதியது:

பாடவேளை டீச்சர், தாராளமாகச் சொல்லுங்கள். உங்கள் மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். அராகோவை நான் கணக்கில் எடுக்கவில்லை, அது என் பதிலில் பெரிய ஓட்டை.

இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பாபேஜும் ஹெர்ஷலும் இன்னொன்றும் செய்தார்கள் என்று தேடியபோது தெரிந்தது. செம்புத் தட்டில் ஆரவாக்கில் கீறல் போட்டு வெட்டினார்கள், இழுப்பு குறைந்தது. வெட்டிய இடத்தை உலோகத்தால் பற்றவைத்தார்கள், இழுப்பு பெரும்பாலும் திரும்பி வந்தது. இதைப் படித்தவுடன் எழுந்து நின்றுவிட்டேன். மோட்டாரின் கோர் (சுருள் சுற்றும் இரும்புப் பகுதி) ஏன் ஒரே இரும்புக் கட்டியாக இல்லாமல் மெல்லிய ஸ்டாம்பிங் தகடுகளாக அடுக்கியிருக்கிறது? உள்ளே மின்சாரம் சுழன்று சூடேறக் கூடாது என்று அதன் பாதையை வெட்டுகிறோம். அவர்கள் 1825-ல் வெட்டியதும் அதே பாதையைத்தான்! தட்டுக்குள் ஏதோ ஒன்று வட்டமாக ஓடுகிறது, வெட்டினால் நிற்கிறது என்று அவர்கள் கையே சொல்லியிருக்கிறது. ஆனால் பேட்டரி இல்லாமல், இரண்டு முனை இல்லாமல், ஒரு முழுத் தட்டுக்குள் மின்சாரம் தானாகச் சுற்றும் என்று அன்று யார் நினைப்பார்கள்? மின்சாரம் என்றால் அடுக்கிலிருந்து கம்பி வழியாக வருவது. எனக்கே தொழிலுக்கு வந்து பல வருடம் கழித்துத்தான் மனதில் பதிந்தது.

நான் தினமும் கட்டுகிற இண்டக்‌ஷன் மோட்டாரில் ரோட்டருக்கு, அதாவது சுழலும் பகுதிக்கு, கரண்ட் கனெக்‌ஷனே கிடையாது. சுற்றும் காந்தப்புலம் அதை இழுத்துக்கொண்டு போகிறது. அராகோவின் தட்டுதான் அது. இவ்வளவு நாள் அவர் பெயர் தெரியாமலே அந்த வேலையைச் செய்து வந்திருக்கிறேன்.

ஆக, இப்போது என் பதிலை இப்படித் திருத்துகிறேன். ஆட்டத்தைப் பார்த்தவர்கள் பலர். ஃபாரடே மட்டும் அந்த ஆட்டத்தைக் குறை என்று ஒதுக்காமல் அதன் பின்னாலேயே போனார். ஆகஸ்ட் 29-ல் முள் ஆடி நின்றதும் 'கண்டுபிடித்துவிட்டேன்' என்று ஓடவில்லை. அக்டோபர் 17-ல் காகித உருளைமேல் சுற்றிய சுருளுக்குள் காந்தக் கம்பியைச் சட்டென்று நுழைத்தார், ஆட்டம். வெளியே இழுத்தார், எதிர்ப்பக்கம் ஆட்டம். நகரும்போதுதான் வருகிறது என்று அங்கே உறுதியானது. 11 நாள் கழித்து, அக்டோபர் 28-ல், ராயல் சொசைட்டியின் பெரிய காந்தத்தின் முனைகளுக்கு நடுவே செம்புத் தட்டைச் சுழற்றினார். அச்சில் ஒரு தொடுகம்பி, விளிம்பில் ஒரு தொடுகம்பி. தட்டு சுழலும் வரை முள் விலகியே நின்றது. எல்லாரும் தேடிய அந்த நிலையான மின்சாரம் வந்துவிட்டது, அராகோவின் புதிரும் அதோடு அவிழ்ந்தது. நவம்பர் 24-ல் கட்டுரை வாசிக்கப்பட்டது. மறு வருடமே பாரிஸில் பிக்ஸீ கையால் சுற்றும் ஜெனரேட்டர் செய்துவிட்டார்.

அந்த 11 வருடத்தில் ஃபாரடே இதையே செய்துகொண்டிருக்கவும் இல்லை. 1825-ல் பென்சீனைக் கண்டுபிடித்தார், அப்புறம் தொலைநோக்கிக்கான கண்ணாடி உருக்கும் வேலையில் வருடக் கணக்கில் கட்டிப்போடப்பட்டிருந்தார். 1831 கோடையில்தான் அதிலிருந்து விடுபட்டார். விடுபட்ட சில வாரத்தில் வளையம்.

---

வானம்பாடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. 'இரண்டு நிமிடத்தில்' என்று எழுதியதை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. வைண்டிங்காரர் அண்ணா, நானும் வளையம் கட்டிப் பார்க்கப் போகிறேன். எந்தக் கம்பி, எத்தனை சுற்று, வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

---

வைண்டிங்காரர் எழுதியது:

எனாமல் கம்பியே போதும், நூல் வேலை வேண்டாம். சுற்றும் முன் வளையத்தின்மேல் துணி நாடா ஒரு அடுக்கு சுற்றுங்கள், இரும்பின் கூர்விளிம்பு எனாமலைக் கீறிவிடும். முனைகளில் எனாமலை நன்றாகச் சுரண்டிவிட்டு இணையுங்கள். 70-ம் 150-ம் எனக்கு வேலை செய்தது, கூட்டினாலும் தப்பில்லை. பேட்டரிக்கும் சுருளுக்கும் நடுவில் ஒரு பல்பு போடுங்கள், நேராகக் கொடுத்தால் கம்பி சுடும். தொட்டவுடன் எடுத்துவிடுங்கள்.

முள்ளை வளையத்திலிருந்து மூன்று அடியாவது தள்ளி வையுங்கள், ஃபாரடேயும் அவ்வளவு தூரத்தில்தான் வைத்திருந்தார். வைத்த பிறகு, இரண்டாவது சுருளைக் கழற்றிவிட்டு ஒருமுறை பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். முள் அசையக் கூடாது. அசைந்தால் இன்னும் தள்ளுங்கள்.

முள் பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். நீங்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.