தம்பியைப் பார்க்க அப்பா அம்மாவுக்கு அமெரிக்க விசா, அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தம்பிக்கு 2023-இல் அமெரிக்காவில் அடைக்கலம் கிடைத்தது. அவன் இங்கே வந்தால் அதுவே பறிபோகலாம். அதனால் பெற்றோருக்கு பி-2 என்னும் சுற்றுலா விசா கேட்டோம். மார்ச்சில் கோலாலம்பூரில் நேர்காணல். ஊர் திரும்புவார்கள் என்று நம்ப முடியவில்லை என்னும் 214(பி) சட்டப்பிரிவைச் சொல்லி மறுத்துவிட்டார்கள். அதற்கு அப்பீல் கிடையாது, மறுபடி பணம் கட்டிப் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

டிஎஸ்-160 என்னும் விசா விண்ணப்பப் படிவத்தில் தம்பியைப் பற்றி எதையும் மறைக்கவில்லை. அவனும் அழைப்புக் கடிதம், சம்பளச் சீட்டு அனுப்பினான். வீட்டு கிராண்ட் (உரிமைப் பத்திரம்), அப்பாவின் இபிஎஃப் (சேமநிதி) கணக்கு எல்லாம் இருந்த ஃபைலை அம்மா நெஞ்சோடு அணைத்தபடியே நின்றார். கவுண்டரில் யாரும் கேட்கவில்லை. அவன் குடியுரிமை பெற்ற பிறகுதான் இவர்களை நிரந்தரமாக அழைக்க முடியும். அதுவரை அப்பாவின் உடம்பு தாங்க வேண்டுமே.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த இவர்கள் கட்டாயம் ஊர் திரும்புவார்கள் என்பதை அடுத்த நேர்காணலில் எதைச் சொல்லி நம்ப வைப்பது?