கார்டு பில் கட்டுவது செலவா? கணக்கில் 579 வெள்ளி துண்டு விழுகிறது, வங்கியில் பணம் கூடியிருக்கிறது

ஈசூன்காரி:
வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிறேன், இந்த வருடம்தான் மாதக் கணக்கு எழுத ஆரம்பித்தேன், எக்செல்லில். போன மாதம் 579 வெள்ளி துண்டு விழுகிறது என்று காட்டுகிறது, ஆனால் வங்கியில் போய்ப் பார்த்தால் 821 வெள்ளி கூடியிருக்கிறது. இரண்டு ராத்திரியாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

சம்பளம் 5,200. மசேநி (மத்திய சேம நிதி) 20 விழுக்காடும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கு 9 வெள்ளியும் போகக் கைக்கு வருவது 4,151. வந்த அன்றே 1,800ஐ இன்னொரு வங்கியில் இருக்கும் என் கணக்குக்கு அனுப்பிவிடுவேன், ஏனென்றால் வீட்டுக் கடனில் ரொக்கமாகக் கட்டும் பங்கு, நகர மன்றத்தின் பராமரிப்புக் கட்டணம், மின்சாரம், தண்ணீர் எல்லாம் அங்கேயிருந்துதான் ஜைரோவில், அதாவது வங்கி தானாகவே பிடித்துக் கட்டும் முறையில், போகிறது. அந்த வகையில் 1,150. கார்டில் வாங்கியது 1,400, ஒன்று விடாமல் எழுதியிருக்கிறேன். ஏடிஎம்மில் எடுத்துச் செலவழித்தது 350, ஊரில் அம்மாவுக்கு 500. அப்புறம் கார்டு பில் 1,330 கட்டினேன். எல்லாம் சேர்த்து வரவு 5,951, செலவு 6,530 என்று வருகிறது.

இன்னொன்று. என் கார்டுக்கு ஒவ்வொரு மாதமும் 17ஆம் தேதி பில் போடுவார்கள். போன வருடம் அக்டோபர் 18ஆம் தேதி தேக்காவில் வாங்கிய புடவைக்கு டிசம்பரில்தான் பணம் கட்டினேன். அது எந்த மாதச் செலவு?

கோப்பிஓ:
முதலில் அந்த 1,800. இந்தப் பையிலிருந்து எடுத்து அந்தப் பையில் போட்ட காசு அது. நீங்கள் ஒரு பக்கம் செலவு என்றும் இன்னொரு பக்கம் வரவு என்றும் எழுதியதால் இரண்டு மொத்தமும் ஊதிப்போயிருக்கிறது, ஆனால் ஒன்றை ஒன்று அடித்துவிடும், துண்டு விழ அது காரணமில்லை. காரணம் 1,330தான். கார்டைத் தட்டிய அன்றைக்கே செலவு என்று எழுதிவிட்டு, பில் கட்டும்போது அதே சாமான்களை மறுபடி ஒரு தரம் வாங்கியதாக எழுதுகிறீர்கள்.

உண்மையான வரவு 4,151. செலவு 1,150, 1,400, 350, 500 சேர்த்து 3,400. மீதி 751. இந்த 751ஐயும் உங்கள் 579ஐயும் கூட்டிப் பாருங்கள், கார்டு பில் அப்படியே வந்து நிற்கும். அப்படியென்றால் வங்கியில் ஏன் 821 என்று கேட்பீர்கள்: 1,400க்கு வாங்கி 1,330தான் கட்டியிருக்கிறீர்கள், பாக்கி 70 உங்கள் காசு இல்லை, கார்டுக்காரருக்குப் போகவேண்டியது.

எக்செல்லில் வரவு, செலவு தவிர ‘மாற்றம்’ என்று மூன்றாவதாக ஒரு வகை வையுங்கள், அது எந்த மொத்தத்திலும் சேரக்கூடாது. கார்டையும் ஒரு கணக்காகவே வைத்து, வாங்க வாங்கக் கழித்தலில் இறக்கி, பில் கட்டும்போது மேலே ஏற்றுங்கள். புடவை அக்டோபர் செலவு, சந்தேகமே வேண்டாம். அம்மாவுக்குப் போவதும் செலவுதான். ஊரில் உங்கள் பெயரிலேயே இருக்கும் என்ஆர்இ கணக்குக்கு (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் வைக்கும் கணக்கு) அனுப்பினால் மட்டும் அது மாற்றம், அப்போதும் அனுப்புகிற கட்டணம் செலவில் சேரும்.

சோம்பேறி_செங்காங்:
எனக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. கார்டில் வாங்குவதை எழுதவே மாட்டேன், பில் வந்ததும் ‘கார்டு’ என்று ஒரே வரி, வேலை முடிந்தது. பஸ், எம்ஆர்டி கட்டணமெல்லாம் சில நாளுக்குச் சேர்த்து ஒரே தொகையாகக் கார்டில் விழுகிறது, அதை உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்க முடியுமா? கூடுதல் வட்டி வேண்டுமென்றால் கார்டில் மாதம் 500 வெள்ளியாவது செலவழிக்கவேண்டும் என்று என் சேமிப்புக் கணக்கில் நிபந்தனை வேறு, அதனால் கோப்பிக் காசு தவிர எல்லாமே கார்டில்தான். எட்டு வருடமாக ஓடுகிறது.

பழைய_பாக்கி:
சோம்பேறி அண்ணன் வழி பில்லை முழுசாகக் கட்டுகிறவருக்கு மட்டும்தான் சரிவரும், அதிலும் கணக்கு ஒரு மாதம் பின்தங்கியே இருக்கும். நானும் அப்படித்தான் ஒரே வரி எழுதிக்கொண்டிருந்தேன், ஆனால் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினேன். பாக்கி 6,000. அதில் 3 விழுக்காடு என்று 180 வெள்ளி. ‘கார்டு 180’ என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன், இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆண்டுக்கு 26 விழுக்காடு வட்டி என்றால் மாதம் 130 வட்டிக்கே போய்விடும், கடன் குறைவது 50தான். ஆக அந்த 180இல் 130 செலவு, 50 மாற்றம். பாக்கி வைத்திருக்கும்போது புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், அதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

கோப்பிஓ சொன்னதில் ஒரு திருத்தம். பழைய பாக்கி உள்ளவர்கள் பில் கட்டுவதை மாற்றம் என்று ஒதுக்கிவிட்டால் மாதத் திட்டத்தில் ஓட்டை விழும், ஏனென்றால் போன வருடம் தின்றதற்கு இந்த மாதச் சம்பளத்திலிருந்து காசு போகிறது. அதற்குத் திட்டத்தில் தனியாக ஒரு வரி போட்டு, சம்பளம் வந்ததும் எடுத்துவைக்கவேண்டும். கார்டு பாக்கியை வேறு வங்கிக்கு மாற்றும் ‘பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்’ எடுத்தாலும் கடன் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். முன்கூட்டியே பிடிக்கிற கட்டணம் செலவு.

ஈசூன்காரி:
751 வந்துவிட்டது! நன்றி அண்ணே. எனக்குப் பழைய பாக்கி இல்லை, முழுசாக ஜைரோவில் பிடித்துக்கொள்வார்கள். கடைசியாக ஒன்று: அலுவலகத்தில் ஆறு பேர் சாப்பிட்டோம், 96 வெள்ளியை என் கார்டில் கட்டினேன், நாலு பேர் பேநவ்வில் (கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பும் முறை) 16, 16 ஆக அனுப்பினார்கள். இந்த 64 வரவா?

கோப்பிஓ:
வரவு இல்லை, சாப்பாட்டுச் செலவில் கழியுங்கள். ஆனால் அந்த 64ஐ வங்கியில் பார்த்துவிட்டு வேறெதற்கும் எடுத்துவிடாதீர்கள், கார்டு 96ஐயும் கேட்கும். அனுப்பாத ஆளின் 16ஐ இப்போதைக்கு ‘வரவேண்டியது’ என்று எழுதிவையுங்கள், மூன்று மாதம் பார்த்துவிட்டு ‘அன்னதானம்’ என்று மாற்றிக்கொள்ளலாம்.