'ஃபுல் சர்வீஸ் ஸ்கூல்' என்பதற்கு 'நிறைதுணைப் பள்ளி'

மதிப்பிற்குரிய சொல்லாக்கக் குழுவினருக்கு டர்பனிலிருந்து வணக்கம்.

தென்னாப்பிரிக்கக் கல்வி பற்றிய தம் கட்டுரைக்காக 'ஃபுல் சர்வீஸ் ஸ்கூல்' (கற்க மிதமான துணை வேண்டும் பிள்ளைகளையும் ஏற்கும்படி மாற்றியமைக்கப்படும் பள்ளி) என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்ட நண்பருக்குச் சென்னை ஐயா 'முழுச்சேவைப் பள்ளி' என்றும், யாழ்ப்பாணத்து அம்மையார் 'உட்படுத்தற் பாடசாலை' என்றும் பரிந்துரைத்திருந்தார்கள். இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. இந்தப் பெயர் எந்தச் சூழலில் பிறந்தது என்பதைச் சொன்னால் தயக்கத்தின் காரணம் விளங்கும்.

நிறவெறி ஆட்சியில் சிறப்புப் பள்ளிகளும் இனவாரியாகவே பிரிந்து கிடந்தன. 1965ஆம் ஆண்டின் இந்தியர் கல்விச் சட்டம் எங்கள் பிள்ளைகளின் கல்வியை இந்தியர் விவகாரத் துறையிடம் ஒப்படைத்தது. மாற்றுத்திறனுள்ள பிள்ளை முதலில் இனத்தால் வகைப்படுத்தப்பட்டது; அதன் பிறகு குறைபாட்டால் மறுபடியும் வகைப்படுத்தப்பட்டது. 1996ஆம் ஆண்டின் அரசமைப்பு, 29ஆம் பிரிவில் அடிப்படைக் கல்வியை அனைவருக்கும் உரிமையாக்கி, 9ஆம் பிரிவில் உடற்குறையைக் காட்டி வேறுபடுத்துவதையும் தடுத்தது. கல்வி அமைச்சர் காதர் அஸ்மல் 2001 ஜூலையில் வெளியிட்ட ஆறாம் வெள்ளை அறிக்கை என்ற அரசின் கொள்கை ஆவணம், இந்த உரிமையைப் பள்ளி அமைப்புக்குள் கொண்டுவரும் வழியை வகுத்தது. பிள்ளை எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்பதை விட்டு, அதற்கு எவ்வளவு துணை வேண்டும் என்று கேட்கச் சொன்னதே அந்த அறிக்கையின் உயிர்நாடி. எளிய துணை போதுமானவர்கள் பொதுப் பள்ளியில் படிப்பார்கள். செறிந்த துணை வேண்டுவோர் சிறப்புப் பள்ளிக்குச் செல்வார்கள். இடைப்பட்டவர்களுக்காக, நாட்டில் அப்போதிருந்த சுமார் 20,000 தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ 500 பள்ளிகள் படிப்படியாக மாற்றியமைக்கப்படும். நாம் பெயர் தேடுவது இந்த 500 பள்ளிகளுக்குத்தான்.

அம்மையாரின் சொல்லில் பிழையில்லை. ஆனால் அது பரந்துபட்டது. அறிக்கையின்படி மூன்று வகைப் பள்ளிகளும் எல்லாப் பிள்ளைகளையும் உட்படுத்தும் ஒரே அமைப்பின் உறுப்புகள் என்பதால், பொதுப்பெயரை அவற்றில் ஒன்றுக்கு மட்டும் சூட்டினால் மற்ற இரண்டும் வெளியே நிற்பதாகத் தோன்றும்.

'சேவை'யைப் பற்றிய என் மறுப்பு இன்னும் கடுமையானது. தமிழில் சேவை என்றதும் தொண்டு நினைவுக்கு வருகிறது. தொண்டாகப் பெறுவதை உரிமையாகக் கேட்க முடியாது. இங்கே நடந்ததே இதற்குச் சான்று: மேற்குக் கேப் மாநிலத்தில், நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 35க்குக் கீழே என்று மதிப்பிடப்பட்ட பிள்ளைகளைச் சிறப்புப் பள்ளிகள்கூடச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களைத் தொண்டு நிறுவனங்களின் பராமரிப்பு நிலையங்களுக்கு விட்டுவிட்டு, அரசு சிறு மானியம் அளிப்பதோடு நின்றது. அறிவுசார் குறைபாடுள்ளோருக்கான அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், அப்பிள்ளைகளின் கல்வி உரிமையையும் சமத்துவத்தையும் மாண்பையும் அரசு மீறிவிட்டது என்று 2010இல் கேப் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தனை போராட்டத்துக்குப் பின்னும் பள்ளியின் பெயரில் நாமே சேவையைச் சேர்ப்பது முறையாகாது.

ஆகவே 'நிறைதுணைப் பள்ளி' என்ற சொல்லை முன்வைக்கிறேன். நிறைகுடம், நிறைமதி போல இதுவும் வினைத்தொகை. விளக்கமின்றியே காதில் ஏறும். நடுத்தர அளவுத் துணை தரும் பள்ளியை 'நிறை' எனலாமா என்று ஐயா கேட்கக்கூடும். மூலப் பெயரில் உள்ள முழுமை துணையின் செறிவைக் குறிப்பதன்று. பார்வை, செவி, இயக்கம், கற்றல் எனப் பலவகைத் தேவைகளுக்கும் அப்பள்ளி ஆயத்தமாக இருப்பதையே குறிக்கிறது. 'துணைப் பள்ளி' என்று மட்டும் எழுதினால் துணைவேந்தர், துணைத்தலைவர் வரிசையில் போய் நின்றுவிடும். முன்னொட்டாக 'நிறை' வருவதால் அந்தக் குழப்பம் நீங்குகிறது.

தொடர்புடைய சொற்களையும் இப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது. துணையின் மூன்று அளவுகளை எளிய, மிதமான, செறிந்த என்று குறிக்கலாம். முதலாவதைக் 'குறை துணை' என எழுதினால், எந்தச் சொல்லை விட்டு விலக முயல்கிறோமோ அதுவே திரும்பி வந்துவிடும். சிறப்புப் பள்ளிகள் அண்டைப் பள்ளிகளுக்கும் உதவ வேண்டும் என்று அறிக்கை சொல்லும் பொறுப்புக்கு, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஏற்கெனவே புழங்கும் 'வளமையம்' போதும். 'சிறப்புத் தேவை'க்கு மாற்றாக அறிக்கை முன்னிறுத்தும் கருத்துக்குக் 'கற்றல் தடை' பொருந்தும். தடை பிள்ளையிடம் மட்டுமன்றிக் கட்டடத்திலும் பாடத்திட்டத்திலும் பயிற்றுமொழியிலும் இருக்கலாம் என்பது அதில் அடங்கும். (சைகை மொழி இங்கே 12ஆவது ஆட்சிமொழியானது 2023இல்தான்.)

எனக்குத் தீராதது ஒன்று உண்டு. பள்ளிகளுக்கு வழிகாட்டும் மாவட்டக் குழுவைத் 'துணைக் குழு' என்றால் உபகுழு என்றே எவரும் கொள்வார்கள். 'ஆதரவுக் குழு' என்றால் பொருள் தெளிவாகிறது. ஆனால் இதுவரை கோத்த சொல்வரிசையிலிருந்து அது விலகிப்போகிறது. இலக்கணம் அறிந்த அன்பர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.